எலோத்தே லோக்கோ: எல் சல்வதோர், குவாத்தமாலா பக்கம் ரோட்டுல விக்கற சோளக்கதிர் பத்தி தெரிஞ்சவங்க வாங்க

#1 நெல்லை_நாடோடி

வணக்கம் மக்களே, ஹூஸ்டன்ல இருந்து எழுதறேன். எங்க ஏரியாவுல எல் சல்வதோர், ஹோண்டுராஸ் குடும்பங்க நிறைய. வார இறுதி சாயங்காலம் ஒரு அம்மா பெரிய அலுமினியப் பானை வெச்சு சோளக்கதிர் விக்கறாங்க, செம கூட்டம். மெக்சிகோக்காரங்க விக்கற எலோத்தே நான் நிறைய சாப்பிட்டிருக்கேன், ஆனா இது வேற. கதிரை குச்சில குத்தி, சுத்தி மயோனைஸ் தடவி, மேல கெட்சப்பும் கடுகு சாஸும் கோடு கோடா இழுத்து, கறுப்பா தண்ணியா ஏதோ ஒண்ணு தெளிச்சு, கடைசில ஒரு தட்டு நிறைய துருவி வெச்சிருக்கற சீஸ்ல அப்படியே உருட்டிக் குடுக்கறாங்க. எலோத்தே லோக்கோன்னு பேரு, பைத்தியக்காரச் சோளம்னு அர்த்தமாம். சீஸ் நல்ல உப்பு, சோளத்துல இனிப்பே இல்ல, மணி ஒவ்வொண்ணும் பெருசு பெருசா மெல்ல மெல்ல மாவா வருது. முதல் கடியில ஒண்ணும் புரியல, பாதி கதிர் வந்தப்புறம் நிறுத்த முடியல.

அந்த கறுப்பு சாஸ் என்ன, சீஸ் என்ன சீஸ், இது சல்வதோர் சமாச்சாரமா இல்ல அந்தப் பக்கம் எல்லா நாட்லயும் உண்டா, வீட்ல பண்ணா எந்த சோளம் வாங்கணும்? யாராவது அங்க இருந்தவங்க இருந்தா விளக்கமா எழுதுங்க ப்ளீஸ்.

#2 பூபுசா_பிரியன்

நான் வேலை விஷயமா சான் சல்வதோர்ல இருந்தவன், இந்தக் கேள்விய பார்த்ததும் அந்த ஊர் வாசனையே வந்துருச்சு ப்ரோ.

கறுப்பு சாஸ் வேற ஒண்ணும் இல்ல, வூஸ்டர்ஷயர் சாஸ்தான். அங்க சால்சா நேக்ராம்பாங்க, சால்சா பெர்ரின்ஸ்ன்னும் சொல்வாங்க, லீ அண்ட் பெர்ரின்ஸ் கம்பெனி பேருல இருந்து வந்தது. சீஸ் வந்து கேசோ தூரோ, அதாவது நல்லா உப்பு போட்டு காய வெச்ச கெட்டி சீஸ், சூட்டுல உருகாது, துருவுனா பொலபொலன்னு வரும். அதனாலதான் மயோனைஸ் முதல்ல வருது. அது பசை, அது இல்லன்னா சீஸ் ஒட்டாது. மத்த சாஸ் எந்த வரிசையில போட்டாலும் பரவால்ல, மயோனைஸ் முதல், சீஸ் கடைசி.

மெக்சிகோ எலோத்தேக்கும் இதுக்கும் வித்தியாசம் கேட்டா, அங்க மிளகாத்தூளும் எலுமிச்சையும்தான் தூக்கல், கோதிஹா சீஸ் போடுவாங்க. சல்வதோர் லோக்கோல காரம் கிடையாது. உப்பு, புளிப்பு, லேசா தித்திப்பு, அவ்ளோதான். ஹோண்டுராஸ், குவாத்தமாலாலயும் இதே லோக்கோ உண்டு, சாஸ் கூட கொறச்சல் இருக்கும்.

எப்ப பார்க்கலாம்னா திருவிழான்னா கட்டாயம். சான் சல்வதோர்ல ஆகஸ்ட் 1-ல இருந்து 6 வரைக்கும் ஊர் காவல் தெய்வம் மாதிரி கும்பிடற உலக இரட்சகர் ஏசுவுக்கு விழா. ராட்டினம், பட்டாசு, ஊர்வலம், அந்த கூட்டத்துக்கு நடுவுல வரிசையா பானைங்க. பானைக்கு அடியில சோளத்தோட மட்டைய பரப்பி, மேலயும் மட்டையால மூடி வெச்சிருப்பாங்க, கதிர் ராத்திரி வரைக்கும் சூடா ஈரமா இருக்கும். ஆகஸ்ட்ல இந்த விழா வர்றதும் பச்சைக்கதிர் வர்றதும் ஒண்ணா அமைஞ்சது, மே மாசம் மழை ஆரம்பிச்சதும் போட்ட விதை ஆகஸ்ட்ல கதிராகி நிக்கும்.

#3 கலோரி_கணக்கு

எல்லாரும் கோச்சுக்காதீங்க. சோளம் நல்ல பொருள், அதை வேகவெச்சு உப்பு போட்டு சாப்பிட்டா போதும். அது மேல மயோனைஸ், கெட்சப், கடுகு சாஸ்னு மூணு பாட்டில கவுத்து விட்டுட்டு பாரம்பரியம்னு சொல்றது எனக்கு ஒத்துக்கல. மயோனைஸும் கெட்சப்பும் கம்பெனிக்காரன் குடுத்தது. அந்த ஊருக்கு சோளம் ஆயிரக்கணக்கான வருஷ சொத்து, அந்த ருசிய மறைக்கறதுக்கா இத்தனை சாஸ்?

#4 அந்திகுவா_அக்கா

கலோரி தம்பி, நீங்க கேக்கற மாதிரி சோளமும் அந்த ஊர்லயே இருக்கு. வீட்டுக்காரர் வேலைக்காக நாங்க குவாத்தமாலால இருக்கோம். இங்க எலோத்தே அசாதோன்னு சுட்ட கதிர். கரி அடுப்புல திருப்பித் திருப்பி சுட்டு, பாதி எலுமிச்சம்பழத்த உப்புல தொட்டு அப்படியே கதிர் முழுக்க தேய்ச்சுக் குடுப்பாங்க. மெரினால வாங்கி சாப்பிட்டவங்களுக்கு கண்ண மூடிட்டு சாப்பிட்டா வித்தியாசம் மிளகாத்தூள் மட்டும்தான். நான் முதல்ல இங்க சொந்த ஊரா உணர்ந்தது அந்த எலுமிச்சை வாசனையிலதான்.

குவாத்தமாலா சிட்டில ஆகஸ்ட் 15 அன்னைக்கு மாதா விண்ணேற்பு விழா, ஹோகோதெனாங்கோ சந்தைன்னு ஒண்ணு போடுவாங்க. அங்க போனீங்கன்னா ஒரு கடையில லோக்கோ, அடுத்த கடையில சுட்டது, அதுக்கடுத்து அதோல் தே எலோத்தே. இந்த அதோல் பத்தி சொல்லியே ஆகணும். பச்சை சோளத்த அரைச்சு வடிகட்டி, பாலும் சர்க்கரையும் பட்டையும் போட்டு அடி பிடிக்காம கிண்டிக்கிட்டே இருந்து கெட்டியா காய்ச்சறது. குடிக்கும்போது அடியில கொஞ்சம் வெந்த சோள மணியும் போட்டுத் தருவாங்க. எல் சல்வதோர்ல இதையே காய்ஞ்ச சுரைக்குடுவை மாதிரி இருக்கற மோர்ரோ காய் ஓட்டுல ஊத்திக் குடுப்பாங்கன்னு பக்கத்து வீட்டு சல்வதோர் அம்மா சொன்னாங்க. மழை பெய்யற சாயங்காலத்துல அதுக்கு ஈடு எதுவுமே இல்ல.

சாஸ் விஷயத்துல நான் உங்க கூட ஒத்துக்க மாட்டேன் தம்பி. இந்த சனங்க தினமும் மூணு வேளையும் சோளம் சாப்பிடறவங்க, தோர்த்தியாங்கற சோள ரொட்டி இல்லாத சாப்பாடே இல்ல. சோளத்தோட ருசி அவங்களுக்குத் தெரியாததா? திருவிழா அன்னைக்கு அந்தச் சோளத்துக்கே வேஷம் கட்டி வேடிக்கை பார்க்கறாங்க, புள்ளைங்க மூக்கு வரைக்கும் மயோனைஸ அப்பிக்கிட்டு நிக்கும். அதுல தப்பு ஒண்ணும் எனக்கு தெரியல.

#5 பெரம்பலூர்_மானாவாரி

நான் விவசாயி, சோளத்துக்காக இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். எங்க மாவட்டம் மக்காச்சோளத்துக்கு பேர் போனது, ஆனா நாங்க போடறது பூரா மஞ்ச வீரிய ரகம், அறுத்து காய வெச்சு நாமக்கல் கோழிப்பண்ணைக்குப் போயிரும். எங்க காட்டுல விளையறதுல மனுஷன் சாப்பிடறது ரொம்ப கம்மி. அதனால கேக்கறேன், அங்க திங்கறதுக்குன்னு தனி ரகம் இருக்கா? தம்பி சொல்றத பார்த்தா ஸ்வீட் கார்ன் இல்ல, நம்ம சாதா சோளத்த பால் பருவத்துல ஒடிச்ச மாதிரி இருக்கு. பட்டு நூல் காஞ்சு பழுப்பாகி, நகத்தால மணிய கிள்ளுனா பால் வரணும், அந்தப் பதம் சில நாள்தான் நிக்கும், தாண்டிட்டா மாவாகி கெட்டியாயிரும்.

#6 பூபுசா_பிரியன்

அண்ணே, சரியா பிடிச்சீங்க. இதுதான் நான் இந்த இழையில சொல்லணும்னு நெனச்ச முக்கியமான விஷயம், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

அங்க திங்கறதுக்குன்னு தனி ரகம் கிடையாது. தோர்த்தியாவுக்கு எந்த வெள்ளைச் சோளமோ அதே சோளம்தான், அதே காடுதான், மில்பான்னு சொல்வாங்க. மஞ்சள் சோளம் அங்கயும் பெரும்பாலும் கோழிக்கும் மாட்டுக்கும், அதையும் அமெரிக்காவுல இருந்துதான் இறக்குறாங்க. வெள்ளைச் சோளம் சின்ன விவசாயி கையில. அவன் வீட்டுக்கு வருஷம் பூரா தோர்த்தியா அதுலதான். அப்ப பால் பருவத்துல ஒரு கதிர ஒடிச்சு சந்தைக்கு அனுப்பறான்னா, கொஞ்ச நாள் கழிச்சு தானியமா குதிருக்குப் போக வேண்டியத முன்னாடியே எடுத்து காசாக்கறான். எத்தனை விக்கணும், எத்தனை காட்டுல விடணும்ங்கறது ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் அந்த வீட்ல பேசற பேச்சு. உர கடன் இருக்கும், ஸ்கூல் செலவு இருக்கும், விலையும் பச்சைக்கதிருக்கு உடனே கைக்கு வரும். ஆனா அதிகமா ஒடிச்சுட்டா அடுத்த மே ஜூன்ல குதிர் காலி, அப்ப கடையில போய் சோளம் வாங்கணும், அதுவும் விலை ஏறின நேரத்துல.

அதனாலதான் இது வருஷம் பூரா கிடைச்சாலும், ஏன்னா நீர்ப்பாசனம் இருக்கற எடத்துல கோடையிலயும் போடறாங்க, ஜனங்க மனசுல இது ஆகஸ்ட் பண்டம். காத்திருந்து சாப்பிடற பண்டம்.

மிச்சம் காட்டுல விட்ட கதிர என்ன பண்றாங்க தெரியுமா? முத்தினதும் தட்டைய கதிருக்குக் கீழ ஒடிச்சு தலைகீழா மடக்கி விட்டுருவாங்க. மழைத்தண்ணி கதிருக்குள்ள இறங்காது, பறவை கொத்தறதும் குறையும், காட்டுலயே நின்னு காயும். மடக்கினப்புறம் வெயில் உள்ள விழும்ல, அந்த வரிசைக்கு நடுவுல பீன்ஸ் ஊணிருவாங்க, கொடி அந்தத் தட்டையிலயே ஏறிக்கும்.

இந்தப் பழக்கம் எவ்ளோ பழசுன்னா, எல் சல்வதோர்ல ஹோயா தே செரேன்னு ஒரு இடம். சுமார் 1400 வருஷம் முன்னாடி பக்கத்துல இருந்த எரிமலை வெடிச்சு மாயா நாகரிக காலத்து கிராமம் ஒண்ண அப்படியே சாம்பல்ல மூடிருச்சு. 1976-ல தானியக் கிடங்கு கட்டறதுக்காக புல்டோசர் வெச்சு தோண்டும்போது வெளிய வந்துச்சு, 1993-ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேர்ந்துச்சு. பெய்சன் ஷீட்ஸ்ங்கற அமெரிக்க ஆய்வாளரோட குழு, செடி மக்கிப் போய் சாம்பலுக்குள்ள உண்டான வெத்திடத்துல பல் டாக்டர் யூஸ் பண்ற ப்ளாஸ்டர ஊத்தி எடுத்தாங்க, வரப்பு வரப்பா சோளச்செடி அப்படியே உருவமா கிடைச்சது. அதுல முத்தின செடி எல்லாம் மடக்கி விட்டது! அத வெச்சுத்தான் எரிமலை வெடிச்சது ஆகஸ்ட் வாக்குல இருக்கும்னு கணிச்சாங்க. நான் அங்க நின்னு அந்த வரப்ப பார்த்துட்டு வெளிய வந்தா ரோட்டோரமா இப்போ போட்ட காடு, அதுலயும் தட்டை மடங்கி நிக்குது. எனக்கு பேச்சே வரல.

#7 பெரம்பலூர்_மானாவாரி

மடக்கி விட்டு அதுலயே கொடிய ஏத்தறது அருமையான வேலை. எங்க பக்கம் சோளம் தனிப்பயிர்தான் இப்ப, வரப்போரமா துவரை போடறவங்ககூட கொறஞ்சுட்டாங்க.

இன்னொண்ணும் கேக்கணும். 2018-ல இந்தப் படைப்புழு வந்து எங்க சோளத்த நாசம் பண்ணுச்சு, குருத்துக்குள்ள போய் உக்காந்துக்கும், மருந்து அடிச்சும் தீரல. அது அமெரிக்கா கண்டத்துப் புழுன்னுதான் அதிகாரிங்க சொன்னாங்க. அப்ப அந்த ஊர் விவசாயிக்கு இது பழகின எதிரியா இருக்கணுமே, அவங்க என்ன பண்றாங்க?

#8 ஹினோதெகா_காபி

அண்ணே அதுக்கு நான் பதில் சொல்றேன், நான் ஹோண்டுராஸ் நிகராகுவா ரெண்டு இடத்துலயும் விவசாயத் திட்டங்கள்ல வேலை பார்த்தேன். கோகொய்யேரோன்னு அங்க பேரு, ஆமா பரம்பரை எதிரி. சின்ன விவசாயிங்க குருத்துக்குள்ள ஒரு பிடி மண்ணோ மணலோ சாம்பலோ போடுவாங்க, புழு அதுல சிக்கிக்கும். கூடவே காட்டுல எறும்பு, குளவி இதெல்லாம் நிறைய விட்டு வெப்பாங்க, அதுங்க புழுவ தூக்கிட்டுப் போயிரும். ஹோண்டுராஸ் மலைப்பக்கம் விவசாயிங்க சர்க்கரைத்தண்ணி தெளிச்சு எறும்ப வரவழைக்கறதயும் பார்த்திருக்கேன். ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்னு கையால பார்த்துக்கற காட்டுக்கு இது சரிப்படும், பெரிய பரப்புக்கு கஷ்டம்தான்.

சரி, சாப்பாட்டுக்கு வர்றேன். நிகராகுவால லோக்கோ மோகம் அவ்வளவு இல்ல, வேகவெச்சது சுட்டதுதான். ஆனா மத்தகல்பா, எஸ்தெலி, ஹினோதெகா பக்கம் மலை ரோட்டுல போனா குயிரிலா வாங்காம யாரும் தாண்ட மாட்டாங்க. பால் பருவம் கொஞ்சம் தாண்டின சோளத்த அரைச்சு, வாழையிலையில பரப்பி, கல்லுல போட்டு சுடறது, கூட குவாஹாதான்னு காய வெக்காத புது சீஸ் ஒரு உருண்டை. எல் சல்வதோர்ல இதுக்கு ரிகுவான்னு பேரு, கோஸ்தா ரிக்கால தோசை மாதிரி ஊத்தி சோர்ரெயாதான்னு புளிச்ச க்ரீமோட தருவாங்க. பால் பருவக் கதிர வெச்சே ஒவ்வொரு நாட்டுக்காரனும் ஒண்ணு பண்ணி வெச்சிருக்கான்.

ஹோண்டுராஸ்ல தான்லின்னு ஊர், ஆகஸ்ட் கடைசில தேசிய சோளத் திருவிழா நடக்கும், ஊரே மட்டையால தோரணம் கட்டி நிக்கும். நிகராகுவால சோளம் அரசியலும் ஆச்சு. 1981-ல அமெரிக்கா கோதுமைக்குக் குடுத்துட்டிருந்த கடன நிறுத்துனப்ப, ரொட்டி இல்லன்னா என்ன, நாம சோளத்து மக்கள்னு சொல்லி மசாயால இளங்கதிர் தெய்வம் ஷிலோனெம் பேர்ல சோளத் திருவிழா நடத்துனாங்க. வீட்டு வீட்டுக்கு பழைய பண்டத்த எல்லாம் தேடி எடுத்து சமைச்சுக் கொண்டு வந்தாங்க.

#9 கலோரி_கணக்கு

நல்ல தகவல் எல்லாமே, நன்றி. சாஸ் பத்தி என் கருத்து மாறல, மாசத்துக்கு ஒருநாள் திருவிழான்னா சரி, ஹூஸ்டன் மாதிரி ஊர்ல வாராவாரம் கிடைக்குதுன்னா கணக்கு வேற. சுகர் இருக்கறவங்க கவனமா இருங்க. ஒரு சந்தேகம், தோர்த்தியாவுக்கு சோளத்த சுண்ணாம்புத்தண்ணில வேகவெக்கறாங்கல்ல, கதிருக்கு அது வேண்டாமா? நியாசின்ங்கற வைட்டமின் கிடைக்காதுன்னு படிச்சேனே.

#10 ஹினோதெகா_காபி

காய்ஞ்ச சோளத்துலதான் அந்த வேலை. சுண்ணாம்புல வெந்தா தோல் கழண்டு வரும், மாவு பிசைய வரும், கட்டுப்பட்டு கிடக்கற நியாசினும் உடம்புக்கு சேரும். சோளத்த கொண்டு போன ஐரோப்பாக்காரங்க இந்த சுண்ணாம்பு வேலைய கூட கொண்டு போகல, அதனால சோளத்த மட்டுமே தின்ன ஏழைங்களுக்கு இத்தாலிலயும் பின்னாடி அமெரிக்கத் தெற்கு மாநிலங்கள்லயும் நியாசின் பத்தாம வர்ற பெலக்ரா நோய் வந்து ஆயிரக்கணக்குல செத்தாங்க. மத்திய அமெரிக்கால தினசரி சோறு சுண்ணாம்புல வெந்த தோர்த்தியாதான், கூட பீன்ஸும் இருக்கு, அதனால கதிர வெறுமனே வேகவெச்சு தின்னா ஒண்ணும் ஆகாது.

அந்த மக்களுக்கு நிஜமான கவலை மழைதான். ஜூலை ஆகஸ்ட்ல மழைக்கு நடுவுல ஒரு சின்ன வறட்சி வரும், கனிகுலான்னு பேரு, வழக்கமா தாங்கிக்கலாம். அது நீண்டுச்சுன்னா கதிர்ல பால் கட்டற நேரத்துல செடி கருகிரும். குவாத்தமாலால இருந்து நிகராகுவா வரைக்கும் பசிபிக் பக்கமா போற உலர் பட்டையில 2014, 2015 அப்புறம் 2018-ல இதான் நடந்துச்சு. அந்த வருஷம் கிராமத்துல கதிர் விக்கற பேச்சே இல்ல, ஒடிக்க என்ன இருக்கு? நிறைய குடும்பங்க வடக்க கிளம்புனதுக்கு இதுவும் ஒரு காரணம். ஹூஸ்டன்ல பானை வெச்சு விக்கறவங்கள்ல அப்படி வந்தவங்களும் இருப்பாங்க.

#11 பூபுசா_பிரியன்

அதோட இதையும் சேர்த்துக்கோங்க, 2006-ல அமெரிக்காவோட தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப எல் சல்வதோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகராகுவா நாலும் வெள்ளைச் சோளத்துக்கு மட்டும் வரி விலக்கு குடுக்க மாட்டோம்னு நின்னுட்டாங்க, ஒரு அளவு வரைக்கும்தான் வரி இல்லாம வரலாம். மஞ்சள் சோளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல. கதிர் இன்னும் அந்த ஊர் காட்டுல இருந்தே வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நம்பறேன்.

#12 நெல்லை_நாடோடி

எவ்ளோ விஷயம்! எல்லாருக்கும் நன்றி. சரி இப்ப வீட்ல பண்ணனும், எந்த சோளம், எப்படி? எங்க கடையில ஸ்வீட் கார்ன்தான் குவிஞ்சு கிடக்கு. அப்புறம் வீட்ல அம்மா சைவம், அவங்களுக்கும் குடுக்கணும்.

#13 அந்திகுவா_அக்கா

ஸ்வீட் கார்ன் வேண்டாம் தம்பி, அதோட தித்திப்பும் கெட்சப் தித்திப்பும் சேர்ந்து திகட்டிரும், மணியும் தண்ணியா வெடிக்கும். லத்தீன் கடைகள்ல வெள்ளைக் கதிர் மட்டையோட வரும், அத வாங்குங்க. ஊர்ல இருக்கறவங்க நாட்டுச்சோளம்னு தள்ளுவண்டியில விக்கறத பால் பதமா பார்த்து வாங்கினா போதும், வாங்கின அன்னைக்கே வேகவெக்கணும், சூட்டுல வெச்சா சர்க்கரை மாவாயிரும்.

மட்டைய உரிச்சு அதையே பானை அடியில போட்டு, மேல கதிர் அடுக்கி, முங்கற அளவு தண்ணி, மூடி போட்டு அரை மணி முக்கால் மணி வேகட்டும். இது ஸ்வீட் கார்ன் மாதிரி அஞ்சு நிமிஷத்துல வேகாது, ஒரு மணிய கடிச்சுப் பார்த்து இறக்குங்க. ஈரத்த துடைச்சுட்டு மயோனைஸ் மெல்லிசா தடவுங்க, தண்ணி இருந்தா வழுக்கிட்டு ஓடிரும். சீஸுக்கு கேசோ தூரோ ஹூஸ்டன்ல கிடைக்கும், சென்னைல இருக்கறவங்க பார்மெசான் துருவிக்கலாம், மொத்ஸரெல்லா போடாதீங்க, உப்பும் இல்ல, சூட்டுல உருகி இழுக்கும்.

அம்மாவுக்கு மட்டும் ரெண்டு விஷயம் பாருங்க. மயோனைஸ் முட்டை இல்லாதது எடுங்க. வூஸ்டர்ஷயர் சாஸ்ல நெத்திலி மீன் இருக்கும், லீ அண்ட் பெர்ரின்ஸ்ல நிச்சயமா உண்டு, லேபிள படிக்காம வாங்காதீங்க. மீன் இல்லாத பாட்டிலும் விக்குது. கிடைக்கலன்னா அந்த சாஸ்ல இருக்கற பொருள்ல ஒண்ணு புளிதான, கெட்டியா புளி கரைச்சு, கொஞ்சம் வெல்லம், சோயா சாஸ், வினிகர், பூண்டு தட்டிப் போட்டு ஒரு கொதி விட்டு வடிகட்டி வெச்சுக்கோங்க. நான் வீட்ல சைவக்காரங்க வந்தா அதான் தெளிக்கறேன். பார்மெசான்லயும் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட் சேர்ப்பாங்க, கண்டிப்பான சைவம்னா அதுவும் வேண்டாம், பனீர நல்லா உப்புத்தண்ணில ஊற வெச்சு, பிழிஞ்சு, ஒருநாள் ஃப்ரிட்ஜ்ல மூடாம காய விட்டு துருவுங்க. நல்லா ஒட்டும்.